மூன்றாவது கோட்

இன்னும் ஒரு தடவை தேய்க்கலாம். காரின் முன் கதவுக் கைப்பிடிக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு ஏதோ மேடு தட்டுப்படுகிறது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால் தெரியும், தெரியாமலும் இருக்கலாம், ஆனால் தெரிகிறது என்று நான் சொன்னால் இந்த வீட்டில் மறுத்துப் பேச ஆள் இல்லை. வாட்டர் பேப்பரை, ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாளை, வாளியில் முக்கி எடுத்துத் தேய்க்கிறேன். சர், சர், சர். வெள்ளைப் பாலாக வழிந்து முழங்கை வரைக்கும் இறங்குகிறது. நாலு நாள் வேலை. வீடியோவில் வந்த ஆள் நாலு நாள் என்றுதான் சொன்னான், தன் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு, சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல். நான் அதை இருபத்திரண்டு நாளாக இழுத்திருக்கிறேன். பள்ளத்தை அடைக்கப் பட்டி வைத்தேன், காயவிட்டேன், தேய்த்தேன், பள்ளம் தெரிகிறது என்று மறுபடியும் பட்டி வைத்தேன். பிரைமர் அடித்தேன், திப்பி திப்பியாக விழுந்திருக்கிறது என்று நானே சுரண்டி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அப்பா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "கடையில குடுத்திருந்தா இம்புட்டுப் பொறுமையா பார்ப்பானா? எம்பிள்ள வேலை சுத்தம்" என்றார். கடையில் கேட்ட தொகை எங்களால் முடியாது. டிங்கர் அந்தோணி அண்ணன் பழகின தோஷத்துக்கு நசுங்கினதை மட்டும் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். பெயிண்டை வீட்டிலேயே அடிக்கலாம் என்று சொன்னது நான். விருந்தாள் வந்தால் அடுப்படியை விட்டு வெளியே வராத நான், அன்றைக்கு நடுவீட்டில் நின்று சொன்னேன், நான் அடிக்கிறேன்ப்பா, கெமிஸ்ட்ரி படிச்சவதானே. அப்பா சிரித்தார், அம்மாவும் சிரித்தாள், அப்புறம் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை குடும்பக் கஷ்டம் தெரிந்து நடக்கிறாள் என்று நினைத்திருப்பாள். எப்படியாவது கடன் வாங்கிக் கடையில் கொடுத்திருந்தால் ஒரு வாரத்தில் கார் வந்திருக்கும். ஒரு வாரத்தில் அப்பா அதில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியிருப்பார்.

அப்பா இந்தக் காரை மறுபடி ஓட்டக் கூடாது. இந்தக் காரை மட்டுமில்லை, எந்தக் காரையும். அது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், அப்பாவுக்கே தெரியாது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற டாக்ஸி ஸ்டாண்டில் இருபத்தோரு வருஷமாக வண்டி போடுகிறவர். அப்பா பேரைச் சொல்லி, சீனிராஜ் வண்டி என்றால் பெண்பிள்ளைகளைத் தனியாக ஏற்றி அனுப்புவார்கள். இன்றைக்குச் சனிக்கிழமை. பெயிண்டைப் பீய்ச்சுகிற வாடகைக் கம்ப்ரசரைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது கோட், கடைசிக் கோட். திங்கட்கிழமை காலையில் சங்கரன்கோவில் சவாரி. ஜவுளிக்கடை குருசாமி அண்ணாச்சியின் மகளுக்கு வளைகாப்பு, ஒன்பதாம் மாதம், புகுந்த வீட்டில் வளையல் அடுக்கி முடித்ததும் பிள்ளையைப் பிரசவத்துக்கு இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும். கழுகுமலை வழியாக வருவார்கள். அந்த ரோட்டில் எத்தனை கிணறு ரோட்டை ஒட்டி இருக்கிறது என்று ஒரு ராத்திரி நினைவிலேயே எண்ணிப் பார்த்தேன். ஏழு. கைப்பிடிச்சுவர் இல்லாதது மூன்று.

"ஏ பிள்ள, இன்னுமா தேய்ச்சுக்கிட்டு இருக்க? வெயில் ஏறிருச்சுன்னா பெயிண்டு பொடியா விழும்னு நீதானே சொன்ன?" அப்பா வாசலுக்கு வந்திருக்கிறார். இடுப்பில் துண்டு, தலை, நெஞ்சு, முதுகெல்லாம் நல்லெண்ணெய் மினுமினுக்கிறது. சனிக்கிழமைதோறும் அம்மா அவரை மணையில் உட்காரவைத்து உச்சியில் எண்ணெயை அறைந்து தேய்த்துவிடுவாள். எண்ணெய் ஊறுகிற அரை மணி நேரத்தில் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது, வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். "ஏங்க, எண்ணெய்த் தலையோட வெயில்ல நிக்காதீக, சீயக்காய் கரைச்சு எம்புட்டு நேரமாச்சு" என்று அம்மா உள்ளேயிருந்து கத்துகிறாள். எதிர்வீட்டு வசந்தா அத்தை குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு நின்று பார்க்கிறாள். "என்னண்ணே, பி.எஸ்சி. படிக்க வச்சு கடைசில பெயிண்டர் வேலைக்கு விட்டுட்டீக?" "பெயிண்டரா? எங்க கம்பெனில அவதான் மேனேஜர். நான்லாம் கைகட்டி நிக்க வேண்டியது." "அப்ப எங்க வீட்டுச் சைக்கிளுக்கும் ஒரு கோட் அடிச்சு விடச் சொல்லுங்க மேனேஜரம்மாவ." "சைக்கிளா? நாங்க பெரிய பெரிய ஆர்டருதான் எடுப்போம்." அத்தை சிரித்துக்கொண்டே போகிறாள். நானும் சிரிக்கிறேன். முகத்தைச் சுற்றித் துப்பட்டா கட்டியிருப்பதால் சிரித்தது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. முகத்தை மூடிக்கொண்டு செய்கிற வேலை எனக்கு வசதியாக இருக்கிறது. அப்பா ஒரு கையால் கண்ணுக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு காரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்க்கிறார். எப்பேர்ப்பட்ட சந்தோஷம் அந்த முகத்தில். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது. நான் தின்னர் டப்பாவை எடுக்க உள்ளே போகிறேன், சொல்லாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம், அடுப்படி ஜன்னலில் இருக்கிற டப்பா, அதை எடுத்து வர எவ்வளவு நேரம் ஆகும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறேன்.

பெயிண்டில் தின்னரை ஊற்றிக் குச்சியால் கலக்குகிறேன். இதன் வாசனை மூக்கைத் தாண்டி நெற்றிக்குள் ஏறும்போது அந்த ரோடு வந்துவிடும், அன்றைக்குக் காருக்குள் இந்த வாசனை இல்லை, இருந்தும் வந்துவிடும். எட்டயபுரம் ரோடு. கடைசி செமஸ்டரின் கடைசிப் பரீட்சை, பஸ்ஸை விட்டுவிட்டேன், அப்பா நானே விட்டுட்டு வாரேன் என்று கிளம்பினார். மடியில் நோட்டு. கார்பனைல் சேர்மங்கள். அப்பா பேசிக்கொண்டே ஓட்டினார், டோல்கேட்டில் எவனோ தகராறு பண்ணின கதை, "அதுக்கு அந்த டோல்கேட்காரன் என்ன சொல்லுதான்னா" என்றார். அதோடு நின்றது. நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே, மீதியைச் சொல்வார் என்று காத்திருந்தேன். இன்னும் காத்திருக்கிறேன் என்றுதான் தோன்றுகிறது. அந்த டோல்கேட்காரன் என்ன சொன்னான் என்பதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயில் ஒன்றும் இல்லை. கண் திறந்திருந்தது, ரோட்டைத்தான் பார்த்தது, ஆனால் பார்க்கவில்லை. வீட்டில் விளக்கு எரிகிறது, கதவைத் தட்டினால் யாரும் இல்லை. அப்பா என்றேன். அப்பா, அப்பா. கால் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே போனது. வலது தோள் துடித்துத் துடித்து, ஸ்டியரிங்கை இடது பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தது, யாரோ நிதானமாக யோசித்து இழுப்பது போல. இடது பக்கம் மூடிப்போன மில்லின் மதில். அந்தச் சத்தத்தை என்னால் சொல்லிக் காட்ட முடியாது. என் பக்கத்துக் கதவு, என் தோளுக்கு அந்தப் பக்கம், கல் ஓடிக்கொண்டிருந்தது. கை எப்படிப் போனது என்று தெரியவில்லை, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், சாவியைத் திருப்பினேன். கார் மதிலில் சாய்ந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. எனக்குக் கீறல் இல்லை. அப்பாவுக்கும் இல்லை. அது எவ்வளவு பெரிய கெடுதல் என்று அப்போது தெரியவில்லை. ஒரு சின்னக் காயம் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம், டாக்டர் ஒருவர் ஏதாவது கேட்டிருப்பார்.

அப்பா கண்ணைக் கொட்டினார். முதலில் என்னை யார் என்று தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. "என்ன தாயி, என்ன ஆச்சு?" என்றார். எங்களுக்குப் பின்னால் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள், பக்கக் கண்ணாடியில் அவர்கள் பெரிதாகிக்கொண்டே வந்தார்கள். அப்பாவின் காக்கிப் பேண்ட் தொடைப்பக்கம் நனைந்திருந்தது. அவர் இன்னும் அதைக் கவனிக்கவில்லை. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் மடியில் கொட்டினேன். முழுப் பாட்டிலையும். அப்புறம் என்னை நானே கேட்டேன், எனக்கு எங்கிருந்து வந்தது அந்த மூளை. முதல் ஆள் வந்து ஜன்னலில் குனிந்ததும் நான் பேசினேன், தெளிவாக, சத்தமாக, என் வாழ்க்கையில் பத்துப் பேருக்கு முன்னால் பேசிய முதல் பேச்சு. "நாய் குறுக்கே வந்துருச்சு. அப்பா அதக் காப்பாத்தத்தான் ஒடிச்சாங்க." அவ்வளவுதான். எல்லோரும் நம்பினார்கள். அதிகம் பேசாத பெண் சொன்னால் நம்புவார்கள் போல. "வாயில்லா ஜீவனுக்காக வண்டியக் கொண்டு சுவத்துல விட்டிருக்காரே மனுஷன்" என்று ஒருவர் சொன்னார். டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. அப்பா டீயைக் குடித்துக்கொண்டே, ஆளாளுக்கு முகத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். சாயங்காலம் ஸ்டாண்டில் அவரே அந்தக் கதையைச் சொன்னார். மறுநாள் சொன்னபோது இன்னும் நன்றாகச் சொன்னார். நான் பரீட்சை எழுதவில்லை, நவம்பரில் எழுதிக்கொள்ளலாம், அது ஒரு பிரச்சினையே இல்லை.

அந்த ஒரு தடவையோடு போயிருந்தால் நானே மறந்திருப்பேன், நாய் வந்தது என்று நானே நம்பியிருப்பேன். போகவில்லை. போன மாதம் ஒரு காலை, இட்லியைப் பிய்த்துச் சட்னியில் தொட்டு வாய்க்குக் கொண்டு போன கை பாதியில் நின்றது. சட்னி சொட்டியது. வாய் மென்றது. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று, ஏதோ ரேஷன் கடைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், "கேக்கீகளா இல்லையா" என்றாள். நான் எண்ணினேன். பதினெட்டு எண்ணியதும் கை மறுபடி கிளம்பி வாய்க்குப் போனது. "கேக்கேன், சொல்லு" என்றார் அப்பா. பதினெட்டு என்பது ஓடுகிற காரில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன், போடாமல் இருக்க முடியவில்லை, மணிக்கு அறுபது என்றால் ஒரு நொடிக்குப் பதினேழு மீட்டர் சொச்சம், முந்நூறு மீட்டர். முந்நூறு மீட்டர் ஆள் இல்லாத கார். அதற்குப் பிறகு நான் அவரை ஓயாமல் கவனிக்கிறேன். அவர் பேச்சு நடுவில் நின்றால் என் மூச்சும் நிற்கும். பெரும்பாலும் அவர் வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். இரண்டு தடவை அப்படி இல்லை. மூன்று என்றும் சொல்லலாம். வலிப்பு. அந்தச் சொல்லை நான் மனதுக்குள்கூட மெதுவாகத்தான் சொல்கிறேன். இந்தத் தெருவில் அந்தச் சொல்லைச் சொன்னால் அடுத்த நாள் ஸ்டாண்டில் தெரியும், அதற்கடுத்த நாள் சீனிராஜ் வண்டி இல்லை, சீனிராஜும் இல்லை, என்ன வேலை தெரியும் அவருக்கு, ஐம்பத்திரண்டு வயதில் எந்தக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவார். மருந்து சாப்பிட்டால் அடங்கும் என்று போனில் படித்திருக்கிறேன். அதற்கு டாக்டரிடம் போக வேண்டும், டாக்டரிடம் போக அவரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் முதலில் டாக்டர் வாங்கிக்கொள்வது சாவியைத்தான். அம்மாவிடம் சொல்லலாம். அம்மா அழுவாள், அழுதுகொண்டே அவரிடமே போய்ச் சொல்வாள், உங்க மக என்ன சொல்லுதா பாருங்க. மூன்று வாரமாக ஒவ்வொரு காலையும் ஒரு வாக்கியம் தயாரித்தேன். அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது. அப்பா, நம்ம டாக்டர்கிட்ட சும்மா ஒரு தடவை. ஒவ்வொரு வாக்கியமும் வாய்க்கு வரும் முன்பே உப்புத்தாளில் உரசியது போல வெளிறிப் போய்விடுகிறது.

கம்ப்ரசர் இரைகிறது. தரையில் தண்ணீர் தெளித்தாயிற்று, தூசி எழும்பாது. பழைய வேட்டித் துணியால் கதவுகளைத் துடைத்தாயிற்று. கண்ணாடிகளை மூடி ஒட்டின செய்தித்தாள் காற்றில் லேசாகப் புடைத்துப் புடைத்து அமுங்குகிறது. ஸ்பிரே கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு. முன் கதவு. பின் கதவு. சக்கரத்தின் மேல் வளைவு. நன்றாக வருகிறது. கெட்டுப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடிக்கிறேன், கை கேட்கவில்லை, கைக்கு நன்றாகச் செய்யத்தான் தெரிகிறது. கல் தேய்த்துக் கொண்டுபோன இடமெல்லாம் ஈர வெள்ளையாக மினுங்குகிறது, இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்கிறது, மதிலே இல்லை என்கிறது. நான் சொன்ன பொய்யிலேயே சுத்தமான பொய் இதுதான். கடைசியாக பானெட். முன்னும் பின்னுமாக நாலு வீச்சு. ஒரு நிமிஷம் எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் நடுவில் பெயிண்ட் விலக ஆரம்பித்தது. சின்னதாக ஒரு வட்டம், பக்கத்தில் இன்னொன்று, ஈரம் அந்த இடத்தைத் தொடப் பிடிக்காமல் ஒதுங்குவது போல. வட்டங்கள் சேர்ந்து நீண்டன. ஒரு விரல். இரண்டு விரல். கட்டை விரல் தனியாக. உள்ளங்கை. நான் கன்னைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். என் கண் முன்னால், வெள்ளைக்குள்ளிருந்து, அப்பாவின் கை முழுசாக எழுந்து வந்தது. தின்னர் எடுக்க நான் உள்ளே போயிருந்த நேரத்தில், எண்ணெய் ஊறிய அந்தக் கையைப் பானெட்டில் வைத்துத் தடவிப் பார்த்திருக்கிறார். வழவழப்பைப் பார்த்திருக்கிறார். மாட்டைத் தட்டிக் கொடுப்பது போலத் தட்டிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது, காலிலிருந்து தலை வரைக்கும் குளிர்ந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது, பானெட் முழுவதையும் தகரம் வரைக்கும் சுரண்ட வேண்டும், மறுபடி பிரைமர், மறுபடி தேய்ப்பு, கம்ப்ரசர் மறுபடி அடுத்த சனிக்கிழமைதான் கிடைக்கும். ஒரு வாரம். எனக்கு ஒரு வாரம் கொடுத்துவிட்டார். "அப்பா, பானெட் போச்சு" என்று கூப்பிட்டேன், குரலில் வருத்தம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எண்ணெய் முகத்தோடு ஓடி வந்தார். பார்த்தார். தன் கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி பானெட்டைப் பார்த்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு, தொப்பை குலுங்க. "ஏ ராமலட்சுமி, இங்க வந்து பாரு, கைநாட்டு வச்சிட்டேன்." அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "எதத்தான் தொடாம இருந்தீக" என்றாள். நான், முழுக்கச் சுரண்டணும்ப்பா, ஒரு வாரம் ஆகும் என்றேன். "என்னத்துக்கு? சும்மா கெடக்கட்டும். சீனிராஜ் வண்டின்னு தூரத்துலயே தெரியும்லா. குருசாமி அண்ணாச்சி மகளுக்கும் சொல்லிச் சிரிக்க ஒரு கதையாச்சு. சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும், நாளைக்கு ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துருவோம், நீயும் முன்னால ஏறிக்க." முன்னால் என்றால் என் பக்கம். அந்த இடது பக்கம். கம்ப்ரசரை நிறுத்தினேன். திடீரென்று தெருவே காது கேட்காதது போல ஆயிற்று. துப்பட்டாவை முகத்திலிருந்து இறக்கினேன், அது இருந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அப்பா." "ம்." "அன்னைக்கு நாய் வரலப்பா." என் குரல் எங்கேயோ அந்தோணி அண்ணன் பட்டறையிலிருந்து வருவது போலக் கேட்டது. "என்னைக்கு?" "அன்னைக்கு. எட்டயபுரம் ரோட்டுல. நாய் எதுவும் குறுக்க வரல. நான்தான் சும்மா சொன்னேன்." அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன், அல்லது பயப்படுவார் என்று. அவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். "நீ எங்க தாயி பார்த்த? பயத்துல கண்ண இறுக்கி மூடிக்கிட்ட. எனக்குல்லா தெரியும். செவல நாயி. ஒரு காது மடங்கிக் கெடக்கும். குட்டி போட்டு நாலு நாளுதான் இருக்கும், மடி தொங்குச்சு, அதனாலதான் ஓட முடியல அதால. என்னத் திரும்பி ஒரு பார்வை பார்த்துச்சு பாரு." அவர் கண்ணில் அந்த நாய் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நான் நிறம் சொல்லவில்லை, காது சொல்லவில்லை, குட்டி சொல்லவில்லை. வெறும் நாய் என்ற ஒரு சொல்லை அந்தக் காலியான இரண்டு நிமிஷத்துக்குள் போட்டேன், அது அங்கே வளர்ந்து, மடி தொங்கி, குட்டிகளோடு குடியிருக்கிறது. அதை எப்படி விரட்டுவேன். அவரிடம் வேறு என்ன இருக்கிறது அந்த இடத்தில் வைத்துக்கொள்ள. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக, சரிப்பா என்று சொல்ல வாய் எடுத்தேன். சங்கரன்கோவில் பிள்ளையின் வயிறு நினைவுக்கு வந்தது, நான் பார்த்ததே இல்லாத வயிறு. "அது எந்தப் பக்கமிருந்துப்பா வந்துச்சு?" "வலது பக்கமிருந்து. டீக்கடைப் பக்கம்." "எந்தப் பக்கம் ஓடுச்சு?" "இடது பக்கந்தான். ரெண்டே தாவு." கையை நீட்டிக் காட்டினார். "இடது பக்கம் எங்கப்பா ஓடும்?"

கை காற்றில் நின்றது. வாய் லேசாகத் திறந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன், ஒன்று, இரண்டு, மூன்று, ஆனால் இல்லை, வாய் மெல்லவில்லை, கண்ணுக்குள் ஆள் இருந்தார், அத்தனை ஆளும் அங்கேதான் இருந்தார், தேடிக்கொண்டிருந்தார், அந்த ரோட்டில் நின்று இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க மில்லுச் சுவருல்லா" என்றார், தனக்குத்தானே. "பத்தடி உசரம்." நான் கன்னைத் தரையில் வைத்தேன். "நம்ம வண்டிதான உரசிக்கிட்டே போச்சு... அதுக்கு நடுவுல நாயி எப்படிப் போகும்." கையை இறக்கினார். எண்ணெயும் வியர்வையும் நெற்றியிலிருந்து வழிந்து கண்ணுக்குள் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த பெயிண்ட் டின்மேல் மெதுவாக உட்கார்ந்தார், அது சின்ன டின், குழந்தை உட்கார்வது போல முழங்கால் இரண்டும் மேலே வந்தன. "எம்புட்டு நேரம்?" "ரெண்டு நிமிஷம் இருக்கும்ப்பா." "பொறவு எப்பவாச்சும்?" இட்லியைச் சொல்லலாம். வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், அவர் அதைப் பார்த்தார், எத்தனை தடவை என்று கேட்கவில்லை. "உங்கம்மாவுக்குத் தெரியுமா?" "தெரியாது." "சொல்லிராத." அம்மா உள்ளேயிருந்து, "சீயக்காய் ஆறி அவலாப் போச்சு, இன்னைக்குக் குளிப்பீகளா, அடுத்த சனிக்கிழமைதானா" என்றாள். "வாரேன் வாரேன்" என்று அப்பா வழக்கமான குரலில் பதில் சொன்னார், துளி நடுக்கம் இல்லை, எனக்கு அதைக் கேட்டதும்தான் அழுகை வந்தது.

ஜன்னல் விளிம்பிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "குருசாமி அண்ணாச்சியக் கூப்பிடு. நீயே பேசு. பெயிண்டு காயலன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத." நம்பரைத் தேடி அழுத்தினேன். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார். "சொல்லுங்க சீனிராஜ்." "நான் அவங்க மக பேசுதேன் அண்ணாச்சி. அப்பா குளிக்கப் போயிருக்காங்க." என் முன்னால் டின்மேல் உட்கார்ந்திருந்தார் அப்பா. "திங்கக்கிழமை வண்டி வராது அண்ணாச்சி. பெயிண்டு இன்னும் காயல." அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "என்னம்மா சொல்லுத? கோவில்பட்டி வெயில்லயா பெயிண்டு காயல? நடக்கிற கதையா அது?" அவரே தொடர்ந்தார். "சரி, வளைகாப்பு முடிஞ்சு கூட்டிட்டு வாரதுதான, ரெண்டு நாள் பிந்தினாலும் ஒண்ணுமில்ல. எம்பிள்ள உங்கப்பா வண்டின்னாத்தான் ஏறுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கா, அவரு ஓட்டினா குழந்தை குலுங்காதாம். எப்ப காயும்? ஒரு நாளச் சொல்லு தாயி, அதுக்குத் தக்கன வச்சுக்கிடுவோம்." அவர் குரல் பெரியது, போனுக்கு வெளியேயும் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது. குழந்தை குலுங்காது என்றபோது அவர் முகத்தில் ஏதோ ஒன்று, பழக்கத்தால், சிரிக்கப் போய் நின்றது. ஒரு நாள். "ஹலோ, ஹலோ, இருக்கியாம்மா?" இருக்கேன் அண்ணாச்சி. அப்பா தலையசைக்கவில்லை, சைகை காட்டவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு ரோட்டில் நினைவு வந்ததும் பார்த்தாரே அதே மாதிரி, நான் இப்போது என்ன சொல்கிறேனோ அதுதான் நடக்கும் என்பது போல.